கூரை விசிறி வைத்தால் வீடு குளிருமா?

ஜூலை மாதம் டெக்சாஸின் டாலஸில் மதியம் மூன்று மணிக்கு, கூரைக்கு அடியில் இருக்கும் அட்டிக்கின் மடக்கு ஏணியை இழுத்து இறக்கிப் பாருங்கள். இரண்டு படி ஏறுவதற்குள் சூடு முகத்தில் அறையும். தலையை உள்ளே நீட்டினால் காது மடல் எரியும். வெளியே 100 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்கும் நாளில் அங்கே 130 டிகிரி சர்வ சாதாரணம். கறுப்புக் கூரையும் அடைந்துபோன காற்றும் சேர்ந்தால் 150 வரைகூடப் போகும். செல்சியஸில் சொன்னால் 54-லிருந்து 66. இந்தச் சூட்டுக்கு ஓரடி கீழேதான் குழந்தைகள் தூங்கும் அறையின் சீலிங் இருக்கிறது.

இதை அனுபவித்த யாருக்கும் தோன்றுவது ஒன்றுதான். கூரையில் ஒரு விசிறியைப் பொருத்தி இந்தக் காற்றை வெளியே தள்ளிவிட்டால் என்ன? நான் வாங்கிய பழைய வீட்டில் முன்பு இருந்தவர் அப்படி ஒன்றை ஏற்கெனவே பொருத்தியிருந்தார். மூன்று கோடைக்காலம் அது ஓடும் சத்தத்தைக் கேட்டபடியே, மேல்மாடி அறை ஏன் இன்னும் கொதிக்கிறது என்று புரியாமல் இருந்தேன். அதற்காகப் படித்ததையும் வீட்டில் அளந்து பார்த்ததையும் வைத்து இதை எழுதுகிறேன். அமெரிக்காவில் புதிதாக வீடு வாங்கும் நண்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி என்பதால், அடிப்படையிலிருந்தே தொடங்குகிறேன்.

அட்டிக்கில் சூடு எப்படிச் சேருகிறது?

அட்டிக் என்பது நம் ஊர்ப் பரண் மாதிரி சாமான் போடக் கட்டிய தட்டு இல்லை. சாய்வான கூரைக்கும் அறைகளின் சீலிங்குக்கும் நடுவே மிஞ்சும் முக்கோண வெற்றிடம் அது. மேலே மரச் சட்டங்கள், அவற்றின்மேல் ஒட்டுப்பலகை, அதன்மேல் ஓடுபோல அடுக்கிய, தார் கலந்த ஷிங்கிள்ஸ். கீழே ட்ரைவால் எனும் ஜிப்சம் பலகையாலான சீலிங், அதன்மேல் பஞ்சு போலப் பரப்பிய, வெப்பத்தைத் தடுக்கும் இன்சுலேஷன். டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் ஏசியின் காற்றுக் குழாய்களும் பெரும்பாலும் இந்த இடத்துக்குள்தான் ஓடுகின்றன.

நம் ஊர் மொட்டை மாடி பகலெல்லாம் வெயிலைக் குடித்து வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க அதைக் கக்கும். கான்கிரீட்டின் கனம் அப்படி. இங்குள்ள மரக் கூரைக்கு அந்தக் கனம் கிடையாது. வெயில் ஏறினால் சட்டென்று சுடும், இறங்கினால் ஓரளவு சீக்கிரமே ஆறும். ஆனால் சுடும்போது மிகக் கடுமையாகச் சுடும்.

ஷிங்கிள்ஸ் வெயிலை உறிஞ்சுகின்றன, பலகை சூடாகிறது. அந்தப் பலகை இரண்டு வழியில் சூட்டைக் கீழே அனுப்புகிறது. ஒன்று, தன்னை ஒட்டிய காற்றைச் சூடாக்குகிறது. இன்னொன்று, வெப்பக் கதிர்வீச்சாக நேராக இன்சுலேஷன் மீதும் ஏசிக் குழாய்கள் மீதும் இறக்குகிறது. தகரக் கொட்டகைக்குள் காற்று வீசினாலும் உச்சந்தலை மட்டும் சுள்ளென்று சுடும் அல்லவா, அதுதான் கதிர்வீச்சு. இந்த இரண்டாவது வழியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். விசிறியால் காற்றைத்தான் தள்ள முடியும். கதிர்வீச்சைத் தள்ள முடியாது. காற்று மாறுவதால் பலகை கொஞ்சம் குளிரும், அவ்வளவுதான்.

விசிறி இல்லாமலே காற்று போகும் வழி

விசிறிக்கு முன்னால், வீடு கட்டும்போதே வைக்கும் ஏற்பாட்டைப் பார்த்துவிடலாம். கூரையின் இறவாணத்துக்கு அடியில், சுவரைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில், துளையிட்ட தகடுகள் இருக்கும். அவைதான் சாஃபிட் வென்ட். கூரை உச்சியில், முகடு நெடுக ஒரு பிளவு விட்டு அதன்மேல் மூடி போட்டிருந்தால் அது ரிட்ஜ் வென்ட். சூடான காற்று மேலே எழும்பி முகட்டு வழியே வெளியேற, அந்த இடத்தை நிரப்ப இறவாணம் வழியே வெளிக்காற்று உள்ளே வருகிறது. மோட்டார் இல்லை, செலவு இல்லை, பழுது இல்லை. சில வீடுகளில் முகட்டுக்குப் பதிலாக, காற்றில் தானே சுழலும் உருண்டைத் தலை இருக்கும். நம் ஊரில் தொழிற்சாலைகளின் தகரக் கூரைமேல் சுற்றிக்கொண்டிருப்பதும் அதே வகைதான்.

எவ்வளவு திறப்பு வேண்டும் என்பதற்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு: 300 சதுர அடி அட்டிக் தரைக்கு 1 சதுர அடி திறப்பு. 1942-இல் அமெரிக்காவின் மத்திய வீட்டுவசதி நிர்வாகம் வகுத்த விதிகளிலேயே இந்த விகிதம் இருக்கிறது. இன்றைய கட்டட விதிகளில் அடிப்படை அளவு 150-க்கு 1. மேலும் கீழும் திறப்புகள் சரியாகப் பிரிந்திருப்பது போன்ற நிபந்தனைகள் நிறைவேறினால் 300-க்கு 1 போதும். இந்த விதி பிறந்ததே குளிர்ப் பிரதேசங்களில் கூரைப் பலகையில் ஈரம் சேராமல் இருக்கத்தான். வீட்டைக் குளிர்விப்பதற்கென்று யாரும் இதை எழுதவில்லை.

சரி, விசிறி என்ன செய்கிறது?

கூரை விசிறி என்பது முகட்டுக்குக் கொஞ்சம் கீழே, பெரும்பாலும் வீட்டின் பின்பக்கச் சரிவில், சுமார் 14 அங்குல வட்டத் துளை வெட்டி அதில் உட்காரவைக்கும் வெளியேற்று விசிறி. மேலே காளான் குடை மாதிரி மூடி, உள்ளே மோட்டார், பக்கத்துச் சட்டத்தில் ஒரு தெர்மோஸ்டாட். அட்டிக் காற்று 100 அல்லது 105 டிகிரியைத் தொட்டதும் ஓடும், இறங்கினால் நின்றுவிடும்.

அளவு பார்ப்பது எளிது. அட்டிக் தரையின் சதுர அடியை 0.7-ஆல் பெருக்குங்கள். வருவது நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்றைத் தள்ள வேண்டும் என்ற எண். விசிறிப் பெட்டிமேல் சி.எஃப்.எம். என்று போட்டிருப்பது அதுதான். என் வீட்டு அட்டிக் தரை 1,500 சதுர அடி, எனவே 1,050 சி.எஃப்.எம். கூரை கறுப்பாகவோ மிகச் சரிவாகவோ இருந்தால் கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டும்.

பலரும் இந்த இடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். தள்ளும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வர வேண்டுமே, அது எங்கிருந்து வரும்? 300 சி.எஃப்.எம்.-க்கு 1 சதுர அடி உள்வரும் திறப்பு வேண்டும். 1,050-க்கு மூன்றரை சதுர அடி, அதாவது 504 சதுர அங்குலம். கடையில் கிடைக்கும் 8-க்கு 16 அங்குல சாஃபிட் வென்ட்டில் தகடும் கம்பி வலையும் மறைத்தது போக, காற்று நுழையும் இடம் சுமார் 60 சதுர அங்குலம்தான். அப்படியானால் ஒன்பது வென்ட்டுகள் வேண்டும். என் வீட்டில் எண்ணிப் பார்த்தேன், பத்து இருந்தன. ஆனால் உள்ளே ஊர்ந்துபோய் டார்ச் அடித்துப் பார்த்தபோது அவற்றில் ஆறு, இன்சுலேஷன் பஞ்சு விழுந்து முழுக்க அடைத்துக் கிடந்தன.

ஊதுபத்தி சொன்னது

வெளிக்காற்று வரும் வழி அடைபட்டிருந்தால் விசிறி சும்மா இருக்காது. கிடைக்கும் எந்த ஓட்டை வழியாகவும் இழுக்கும். அந்த ஓட்டைகள் எங்கே இருக்கின்றன? சீலிங்கில். ஏணிக் கதவின் ஓரம், சீலிங்கில் பதித்த விளக்குகளைச் சுற்றி, குளியலறை விசிறியின் விளிம்பு, சுவருக்குள் மின்கம்பி ஏறும் துளைகள்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி செய்தேன். ஏசியை அணைத்துவிட்டு, ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி ஏணிக் கதவின் விளிம்பருகே பிடித்தேன். விசிறி நின்றிருந்தபோது புகை நூலாக எழுந்து, சீலிங்கில் பட்டு, சோம்பலாகப் பரவியது. மனைவியிடம் சொல்லி விசிறியை ஓடவிட்டேன். சில விநாடிகளில் அந்த நூல் வளைந்து, கதவிடுக்குப் பக்கமாகச் சாய்ந்து, உள்ளே போய் மறைந்தது. கதவின் நான்கு பக்கமும் அப்படியே. ஹாலில் பதித்த விளக்குகளிலும் அப்படியே. ஏசி காசைக் கொட்டி 76 டிகிரிக்குக் குளிர்வித்த காற்றை விசிறி அட்டிக் வழியாக வானத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அப்படிப் போன காற்றுக்கு ஈடாக, ஜன்னல், கதவு இடுக்குகள் வழியே 100 டிகிரிக் காற்று வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது. மூன்று கோடையாக எனக்குப் புரியாத விஷயம் அந்தப் புகையில் தெரிந்தது.

பணத்தைவிடப் பெரிய ஆபத்தும் இதில் இருக்கிறது. கேஸில் ஓடும் வாட்டர் ஹீட்டர்களில் பல, புகையைத் தானாக மேலே எழும்ப விட்டுக் குழாய் வழியே வெளியேற்றும் வகை. விசிறி வீட்டுக்குள்ளிருந்து காற்றை இழுத்தால், அந்தப் புகை மேலே போகாமல் வீட்டுக்குள்ளேயே திரும்பலாம். அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கக்கூடும். அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. கூரை விசிறி இருக்கும் வீட்டில் கேஸ் கருவியும் இருந்தால், ஒவ்வொரு தளத்திலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் வையுங்கள். தள்ளிப்போட வேண்டாம், இன்றே வாங்குங்கள்.

இன்னொரு தவறும் அடிக்கடி நடக்கிறது. ரிட்ஜ் வென்ட் இருக்கும் கூரையிலேயே விசிறியையும் பொருத்திவிடுகிறார்கள். விசிறிக்குப் பக்கத்திலேயே முகட்டுப் பிளவு திறந்திருப்பதால் அங்கிருந்தே காற்றை இழுத்து அங்கேயே வெளியே விடும். இறவாணத்துப் பக்கக் காற்று அசையாது. மழை நாளில் முகட்டு வழியே நீரையும் இழுக்கலாம். இரண்டில் ஒன்றுதான் இருக்க வேண்டும்.

கணக்குப் போட்டால் என்ன வருகிறது?

சரி, எல்லா வென்ட்டும் திறந்திருக்கிறது, சீலிங்கில் ஓட்டையே இல்லை என்று வைத்துக்கொள்வோம். விசிறி நன்றாக ஓடி அட்டிக் காற்றை 130-லிருந்து 110-க்கு இறக்கிவிடுகிறது. 20 டிகிரி என்பது நல்ல இறக்கம். அதனால் அறைக்கு என்ன லாபம்?

சீலிங் வழியே இறங்கும் சூட்டைக் கணக்கிட ஓர் எளிய வாய்ப்பாடு உண்டு: பரப்பளவைப் பெருக்கு வெப்பநிலை வித்தியாசம், வகுத்தல் இன்சுலேஷனின் ஆர்-மதிப்பு. ஆர்-மதிப்பு என்பது வெப்பத்தை எவ்வளவு தடுக்கிறது என்பதன் அளவு, எண் கூடினால் தடுப்பு கூடும். விடை மணிக்கு இத்தனை பி.டி.யு. என்று வரும், பி.டி.யு. என்பது வெப்பத்தை அளக்கும் அலகு. ஏசியில் ஒரு டன் என்று சொல்கிறோமே, அது மணிக்கு 12,000 பி.டி.யு.

அறை 76 டிகிரி, சீலிங் 1,500 சதுர அடி, இன்சுலேஷன் ஆர்-38 என்று வைப்போம். அட்டிக் 130-இல் இருந்தால் வித்தியாசம் 54. இறங்கும் சூடு சுமார் 2,130 பி.டி.யு. விசிறி ஓடி 110 ஆனால் வித்தியாசம் 34, சூடு சுமார் 1,340. மிச்சம் 790 பி.டி.யு. ஒரு வாட்டுக்கு 10 பி.டி.யு. அளவில் சூட்டை வெளியேற்றும் ஏசிக்கு இது வெறும் 79 வாட் வேலை. விசிறியின் மோட்டாரோ 300 வாட் அளவில் சாப்பிடும்.

79 வாட்டை மிச்சப்படுத்த 300 வாட் செலவு. இதை முதன்முதலில் காகிதத்தில் போட்டுப் பார்த்தபோது தப்பாகப் போட்டுவிட்டேனோ என்று மூன்று தடவை திரும்பப் போட்டேன்.

அட்டிக்கில் ஓடும் ஏசிக் குழாய்களையும் சேர்க்க வேண்டும், அது நியாயம். 300 சதுர அடி குழாய்ப் பரப்பு, ஆர்-8 உறை, உள்ளே 55 டிகிரிக் காற்று என்றால் விசிறியால் இன்னும் 750 பி.டி.யு. மிச்சமாகும். மொத்தம் 154 வாட். அப்போதும் மோட்டார் சாப்பிடுவதில் பாதிதான்.

இப்போது அதே வீட்டில் பழைய, மெல்லிய ஆர்-11 இன்சுலேஷன் மட்டும் இருந்தால்? விசிறி இல்லாமல் 7,360 பி.டி.யு. சீலிங் வழியே இறங்கும். விசிறியோடு 4,640. மிச்சம் 2,700-க்கு மேல், குழாய் மிச்சத்தையும் சேர்த்தால் ஏறத்தாழ 350 வாட். இங்கே விசிறி தன் செலவைக் கொஞ்சம் தாண்டி நிற்கிறது. ஆனால் அதே வீட்டில் விசிறிக்குப் பதிலாக இன்சுலேஷனை ஆர்-38 ஆக்கினால், 7,360 என்பது 2,130 ஆகிவிடும். 5,200 பி.டி.யு.-க்கு மேல் மிச்சம், மின்சாரம் ஒரு வாட்கூட வேண்டாம், பனிக்காலத்தில் ஹீட்டர் செலவும் குறையும்.

இது எளிமைப்படுத்திய கணக்குதான். கதிர்வீச்சால் இன்சுலேஷனின் மேற்பரப்பு காற்றைவிடச் சூடாக இருக்கலாம், நாள் முழுக்க 130 டிகிரியும் இருக்காது. ஆனால் அளந்து பார்த்தவர்களின் முடிவும் இதே திசையில்தான் இருக்கிறது. புளோரிடா சூரிய ஆற்றல் மையம் 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், சூரியத் தகட்டால் ஓடும் அட்டிக் விசிறிகளைப் பொருத்திப் பார்த்தார்கள். உச்சி வெயில் நேர அட்டிக் வெப்பநிலை 20 டிகிரிக்கு மேல் குறைந்தது. ஏசி மின்சாரம் குறைந்ததோ சுமார் 6 சதவீதம். அதுவும் விசிறிக்கு மின்சாரச் செலவே இல்லாத நிலையில்.

அட்டிக் குளிர்வதும் வீடு குளிர்வதும் ஒன்றில்லை என்பதை இந்த இரண்டு எண்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்று காட்டுகின்றன.

அப்படியானால் யாருக்கு விசிறி?

ரிட்ஜ் வென்ட் போட முடியாத கூரை அமைப்பு, இறவாணத்தில் தாராளமான திறப்பு, சீலிங்கில் ஓட்டைகள் அடைத்தாயிற்று, இன்சுலேஷனும் சரி. இவ்வளவுக்குப் பிறகும் அட்டிக் கொதிக்கிறது, ஏசிக் குழாய்களும் அங்கேயே இருக்கின்றன என்றால் சூரிய விசிறி ஒன்று வைப்பதில் தப்பில்லை. வெயில் ஏற ஏற வேகமாக ஓடும், மின்கம்பி இழுக்க வேண்டாம். மாலையில் வெயில் சாய்ந்ததும் நின்றுவிடும் என்பதுதான் குறை, அப்போதும் அட்டிக் சூடாகத்தான் இருக்கும். அட்டிக்கில் அடிக்கடி ஏறி வேலை செய்பவர்களுக்கும் விசிறி ஆறுதலாக இருக்கும்.

கூரைப் பலகையின் அடியில் ஸ்ப்ரே ஃபோம், அதாவது தெளித்ததும் கெட்டியாகும் நுரை, அடித்து அட்டிக்கையே மூடிவிட்ட வீடுகள் இப்போது நிறைய வருகின்றன. அங்கே விசிறி வைக்கவே கூடாது, அந்த அமைப்பு வேலை செய்வதே காற்று புகாமல் இருப்பதால்தான். ஹூஸ்டன் மாதிரி புழுக்கமான ஊர்களில் ஈரக் காற்றை நிறைய உள்ளே இழுத்தால் குளிர்ந்த ஏசிக் குழாய்மேல் நீர் கோத்துச் சொட்டலாம், அதையும் யோசிக்க வேண்டும். அப்புறம், கலிபோர்னியாவில் பலர் பேசும் ‘ஹோல் ஹவுஸ் ஃபேன்’ வேறு சாதனம். அது ராத்திரி வெளியே குளிர்ந்தபின் ஜன்னல்களைத் திறந்துவைத்து, வீட்டுக் காற்றையே அட்டிக் வழியாகத் தள்ளுவது. ராத்திரியில் நன்றாகக் குளிரும் ஊர்களில் அது அருமையாக வேலை செய்யும். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பொருத்துவதாக முடிவு செய்தால் கவனிக்க வேண்டிய இடம், துளையைச் சுற்றி மழைநீர் புகாமல் தடுக்கும் ஃப்ளாஷிங் தகடு. அதன் மேல் விளிம்பு ஷிங்கிள்ஸுக்கு அடியில் போக வேண்டும், கீழ் விளிம்பு ஷிங்கிள்ஸின் மேலே உட்கார வேண்டும். அப்போதுதான் மழைநீர் ஒன்றன்மேல் ஒன்றாக வழிந்து கீழே போகும். இதை மாற்றிவைத்துவிட்டு எவ்வளவு தார்ப்பசை பூசினாலும் சில வருடத்தில் ஒழுகும். வெட்டும் துளை மரச் சட்டத்தைத் தொடாமல் இரண்டு சட்டங்களுக்கு நடுவே விழும்படி, முதலில் உள்ளிருந்து ஓர் ஆணியை மேலே அடித்து இடத்தைக் குறித்துக்கொள்வார்கள். மோட்டாரில் அதிகச் சூட்டில் தானே அணையும் பாதுகாப்பு இருக்க வேண்டும். யாரும் எட்டிப் பார்க்காத இடத்தில், உலர்ந்த மரத்துக்கு நடுவில், வருடக்கணக்கில் ஓடப்போகும் மோட்டார் அது.

என் வீட்டில் செய்தது இதுதான். ஏணிக் கதவைச் சுற்றி ரப்பர் பட்டை ஒட்டி, அதன் மேலே இன்சுலேஷன் பெட்டி ஒன்றைக் கவிழ்த்தேன். சீலிங் ஓட்டைகளை ஒரு சனிக்கிழமை காலை ஆறு மணிக்கே ஏறி ஃபோம் அடித்து அடைத்தேன், ஒன்பது மணிக்கு மேல் அங்கே இருக்க முடியாது. அடைபட்ட ஆறு சாஃபிட் வென்ட்டுகளையும் சுத்தம் செய்து, பஞ்சு மறுபடி விழாதபடி பாஃபிள் தகடுகளை அடித்தேன். ஆறு அங்குலத்துக்கு அமுங்கிப் போயிருந்த பழைய ஃபைபர்கிளாஸின் மேல், ஆர்-49 வரும்வரை செல்லுலோஸ் எனும் காகித இழைப் பஞ்சை ஊதினோம். டெக்சாஸ் பகுதி அட்டிக்குகளுக்கு இன்று பரிந்துரைக்கப்படும் அளவு அது.

போன ஜூலையில் மேல்மாடி அறைக்கும் கீழ்த்தளத்துக்கும் இடையே 7 டிகிரியாக இருந்த வித்தியாசம் 2-க்கு வந்துவிட்டது. மகள் இப்போது மதியத்திலும் மேலேயே உட்கார்ந்து படிக்கிறாள். விசிறியின் சுவிட்சை அணைத்து வைத்திருக்கிறேன். அடுத்த ஆலங்கட்டி மழைக்குப் பிறகு எப்படியும் கூரை மாற்ற வேண்டிவரும், அப்போது அந்தத் துளையை மூடி, முகடு நெடுக ரிட்ஜ் வென்ட் போட வேண்டும் என்று குறித்து வைத்திருக்கிறேன்.